இந்தியக் குடும்பக் காரும் அதன் என்ஜினும்: ஒரு வரலாறு

குடும்பத்தோடு பயணம் செய்வதற்காக வாங்கும் நான்கு கதவுக் காரைச் செடான் என்பர். முன்னால் என்ஜின், நடுவில் பயணிகள், பின்னால் தனியாகப் பெட்டி படுக்கை வைக்கும் டிக்கி என மூன்று பகுதிகள் கொண்டது இதன் அமைப்பு. விடுதலைக்குப் பிந்தைய இந்தியாவில் பல ஆண்டுகள் 'கார்' என்ற சொல்லே பெரும்பாலும் இந்த வகையைத்தான் குறித்தது.

எந்தக் காரை வாங்குவது, வாங்கிய கார் பழசானால் அதன் என்ஜினை எப்படிச் சரிசெய்வது என்பவை இன்று இரண்டு தனிக் கேள்விகளாகத் தோன்றுகின்றன. ஒரு காலத்தில் அவை ஒரே கேள்வியாக இருந்தன. ஒருமுறை வாங்கிய காரைப் பதினைந்து, இருபது ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்ற நிலையில், வாங்குபவர் முதலில் கேட்டது "நம்ம ஊர் மெக்கானிக்குக்கு இது தெரியுமா?" என்பதைத்தான். இந்தியக் கார் வரலாற்றில் சில வண்டிகள் ஏன் நிலைத்தன, சில ஏன் மறைந்தன என்பதைப் புரிந்துகொள்ள இக்கேள்வி உதவும்.

தொடக்கம்: பொருத்துவதிலிருந்து தயாரிப்புக்கு

விடுதலைக்கு முன் இந்தியாவில் ஓடிய கார்கள் வெளிநாட்டில் செய்யப்பட்டு முழுதாகவோ பாகங்களாகவோ இறங்கியவை. ஜெனரல் மோட்டார்ஸ் 1928இல் பம்பாயில் பாகங்களைப் பொருத்தி விற்கத் தொடங்கியது. ஃபோர்டு நிறுவனமும் சென்னை உள்ளிட்ட துறைமுக நகரங்களில் இவ்வாறே தொழில் நடத்தியது.

உள்நாட்டில் கார் தயாரிக்கும் முயற்சி 1940களில் தொடங்கியது. பிர்லா குழுமத்தின் இந்துஸ்தான் மோட்டார்ஸ் 1942இல் குஜராத்தின் ஓகா துறைமுகத்தில் தோன்றி, பின்னர் வங்காளத்தின் உத்தர்பாராவுக்கு இடம் மாறியது. வால்சந்த் ஹீராசந்த் 1944இல் பம்பாயில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸை நிறுவினார். 1948இல் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா சென்னையில் உருவானது. அதன் தொழிற்சாலை வண்டலூர், பெருங்களத்தூர் பகுதியில் அமைந்தது.

1953இல் சுங்கவரி ஆணையம் அளித்த பரிந்துரை இத்துறையின் போக்கை மாற்றியது. படிப்படியாக உள்நாட்டிலேயே பாகங்களைத் தயாரிக்கும் திட்டம் உள்ளவர்களே தொழிலில் இருக்கலாம் என்று அரசு முடிவு செய்தது. பொருத்துவதோடு நின்ற ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் வெளியேறின. அடுத்த முப்பது ஆண்டுகளுக்குக் குடும்பக் கார் என்றால் மூன்று நிறுவனங்கள்தாம். உற்பத்தி அளவுக்கு உரிமம், இறக்குமதிக்குத் தடை, வாங்குபவருக்குக் காத்திருப்போர் பட்டியல் என்பதே அன்றைய நடைமுறை. பணம் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தவர்கள் பலர்.

மூன்று கார்கள்

அம்பாசிடர்: பிரிட்டனின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசைக் காரை அடிப்படையாகக் கொண்டு 1957இல் வந்தது. தொடக்கத்தில் பக்கவாட்டு வால்வு என்ஜின் பொருத்தப்பட்டது. 1959இல் 1489 சி.சி. மேல்வால்வு என்ஜின் வந்தது. அகலமான இருக்கை, உயரமான கூரை, பின்புறம் பட்டை வில், பெரிய டிக்கி ஆகியவை கூட்டுக் குடும்பத்துக்கும் மோசமான சாலைக்கும் பொருந்தின. பானட்டைத் திறந்தால் என்ஜினைச் சுற்றிக் கை நுழைய இடம் தாராளமாக இருந்தது. சாவியிட்டு ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் முன்னால் கம்பியைச் செருகிக் கையால் சுற்றிக் கிளப்பலாம்.

ஃபியட் 1100, பின்னாளில் பிரீமியர் பத்மினி: இத்தாலியின் ஃபியட் நிறுவனத்தின் வடிவமைப்பு. 1964 முதல் 1100 டிலைட் என்ற பெயரிலும், 1974 முதல் பத்மினி என்ற பெயரிலும் விற்றது. 1089 சி.சி. என்ஜின், அம்பாசிடரைவிடக் குறைந்த எடை, குறைந்த பெட்ரோல் செலவு. நகரத்துச் சிறு குடும்பம், மருத்துவர், சொந்தமாக ஓட்டுபவர் ஆகியோர் இதை விரும்பினர். பம்பாய் டாக்சிக்கு இதுவே அடையாளமாயிற்று.

ஸ்டாண்டர்டு ஹெரால்டு: பிரிட்டனின் டிரையம்ஃப் ஹெரால்டின் இந்திய வடிவம். 1961இல் 948 சி.சி. என்ஜினோடு சென்னையிலிருந்து வெளிவந்தது. முதலில் இரண்டு கதவுகளே இருந்தன. குடும்பங்களின் தேவைக்காக 1968இல் நான்கு கதவுடன் மார்க் 3 வந்தது.

மூன்று கார்களிலும் பொதுவான ஒன்று உண்டு. இவற்றின் என்ஜின்கள் எல்லாம் நான்கு சிலிண்டர், கார்புரேட்டர், டிஸ்ட்ரிபியூட்டர் கொண்ட எளிய அமைப்புகள். ஒன்றைக் கற்றவர் மற்றதையும் கற்றுக்கொள்ள முடிந்தது. ஆண்டுக்கு ஆண்டு வடிவம் மாறாததால் பத்தாண்டு பழைய காருக்கும் புதிய காரின் பாகம் பொருந்தியது. வாங்குபவருக்கு அலுப்பூட்டிய இந்தத் தேக்கம், பழுதுபார்ப்பவருக்கு வசதியாக அமைந்தது.

சென்னையின் ஸ்டாண்டர்டு சொல்லும் பாடம்

பொறியியல் சிறப்பு மட்டும் ஒரு காரைக் காப்பாற்றாது என்பதற்கு ஹெரால்டு சான்று. அதன் முன்பக்க உடல் முழுவதும் முன்னோக்கிச் சாய்ந்து திறக்கும். சக்கரத்தின் மேல் உட்கார்ந்து என்ஜினை வேலை பார்க்கலாம் எனும் அளவுக்கு வசதி. மிகக் குறுகிய இடத்தில் திரும்பும். பின் சக்கரங்கள் தனித்தனியே மேலும் கீழும் அசையும் அச்சமைப்பும் இருந்தது. அம்பாசிடரிலும் ஃபியட்டிலும் இருந்த ஒரே இறுகிய அச்சைவிட இது நவீனமானது.

ஆனால் அந்த அச்சமைப்பை வாங்குபவர்களும் மெக்கானிக்குகளும் நம்பவில்லை. ஆட்களும் சுமையும் ஏறிய கார் பள்ளமான சாலையில் ஓடினால் தாங்குமா, தேய்ந்தால் யார் சரிசெய்வார் என்ற ஐயம் தீரவில்லை. நிறுவனம் 1972இல் கெசல் என்ற காரைக் கொண்டுவந்தபோது, பின்னால் பழைய முறை இறுகிய அச்சையே பொருத்தியது. சந்தையின் நம்பிக்கைக்காகத் தொழில்நுட்பம் ஓர் அடி பின்வாங்கிய நிகழ்வு இது. கெசலும் நிலைக்கவில்லை, 1970களின் பிற்பகுதியில் நின்றது.

1985இல் அதே நிறுவனம் ஸ்டாண்டர்டு 2000 என்ற ஆடம்பரக் காரை வெளியிட்டது. உடல் பிரிட்டனின் ரோவர் எஸ்டி1 காருடையது. உள்ளே இருந்ததோ 1940களின் பிற்பகுதியில் வான்கார்டு காருக்காகச் செய்த என்ஜினின் வழிவந்த 1991 சி.சி. என்ஜின். புதுச் சட்டைக்குள் பழைய உடம்பு என்று சொல்லலாம். விலை அதிகம், செயல்திறன் குறைவு. 1988இல் உற்பத்தி நின்றது. சென்னையின் முதல் கார்த் தொழிற்சாலைகளுள் ஒன்று அதோடு மூடியது.

இரண்டு தோல்விகளும் எதிரெதிரானவை. ஹெரால்டில் புதுமை இருந்தது, அதைப் பராமரிக்கும் நம்பிக்கை இல்லை. ஸ்டாண்டர்டு 2000இல் பழகிய என்ஜின் இருந்தது, கொடுக்கும் பணத்துக்கு ஏற்ற ஓட்டம் இல்லை. குடும்பக் காருக்கு இரண்டும் வேண்டும்.

பழைய என்ஜின் ஏன் நின்றது?

பெட்ரோல் என்ஜின் ஓட மூன்று தேவை: சரியான அளவில் கலந்த காற்றும் எரிபொருளும், சரியான நேரத்தில் தீப்பொறி, சிலிண்டருக்குள் போதிய அமுக்கம். மெக்கானிக்கின் பழுதறியும் முறை இம்மூன்றையும் ஒவ்வொன்றாக ஒதுக்கிப் பார்ப்பதுதான். அது ஓர் அறிவியல் முறை என்பதை மாணவர்கள் கவனிக்க வேண்டும்: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று, விளைவைப் பார், பிறகு அடுத்ததற்குப் போ.

தீப்பொறி: டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் பாயிண்ட் என்ற தொடுமுனை ஒவ்வொரு தீப்பொறிக்கும் ஒருமுறை திறந்து மூடும். நாளடைவில் அது கருகிக் குழிவிழும். இடைவெளி ஏறத்தாழ 0.4 மி.மீ. இருக்க வேண்டும். பிளக்கின் இடைவெளி ஏறத்தாழ 0.6 மி.மீ. இவை மாறினால் வண்டி 'மிஸ்ஸிங்' அடிக்கும், அதாவது ஒரு சிலிண்டர் சில வேளை எரியாமல் விட்டுவிடும். பிளக்கைக் கழற்றிப் பார்த்தாலே பாதி விடை கிடைக்கும். வெளிர் பழுப்பு நிறம் நலமான என்ஜினுக்கு அடையாளம். உலர்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் ஆயில் உள்ளே போகிறது.

எரிபொருள்: கார்புரேட்டரின் சிறு துளைகளில் தூசி அடைப்பது அன்றாடப் பழுது. கோடையில் இன்னொரு தொல்லை உண்டு. சூடான என்ஜினருகே குழாயில் பெட்ரோல் ஆவியாகிவிட்டால் பம்பு அதைத் தள்ள முடியாது. வண்டி நடுவழியில் நின்றுவிடும். பானட்டைத் திறந்து பம்பின் மேல் ஈரத் துணியைச் சுற்றிக் காத்திருப்பது அக்காலப் பயணிகள் அறிந்த வைத்தியம். ஆவி குளிர்ந்து மீண்டும் திரவமானால் வண்டி கிளம்பும். எட்டாம் வகுப்பு அறிவியல் பாடம் சாலையோரத்தில் நடந்தது.

அமுக்கம்: மேற்சொன்ன இரண்டும் சரியாக இருந்தும் இழுவை இல்லை என்றால் என்ஜின் உள்ளே தேய்ந்திருக்கும். அமுக்கமானியைப் பிளக் துளையில் வைத்து ஒவ்வொரு சிலிண்டரையும் அளப்பர். ஒன்றில் மட்டும் குறைந்தால் அதற்குள் சிறிது ஆயில் விட்டு மறுபடி அளப்பர். அளவு உயர்ந்தால் பிஸ்டன் வளையம் தேய்ந்துள்ளது. உயராவிட்டால் வால்விலோ ஹெட் கேஸ்கட்டிலோ கசிவு. ஒரு ஸ்பூன் ஆயிலால் இரண்டு நோய்களைப் பிரித்தறியும் இந்தச் சோதனை இன்றும் மாறவில்லை.

புகையும் சாட்சி சொல்லும். நீலப் புகை ஆயில் எரிவதைக் காட்டும். காலையில் கிளப்பும்போது மட்டும் சிறிது வந்து நின்றால் வால்வு சீல், ஓடும்போது விடாமல் வந்தால் வளையம். கரும்புகை பெட்ரோல் அதிகம் எரிவதன் அடையாளம். குளிர்ந்த காலையில் வரும் மெல்லிய வெள்ளாவி இயல்பானது. வெண்புகை தொடர்ந்து வந்து, ரேடியேட்டர் நீரும் குறைந்துகொண்டே போனால் ஹெட் கேஸ்கட் போயிருக்கும். அந்த நிலையில் வண்டியை ஓட்டிக்கொண்டே போனால் சிறு செலவு பெருஞ்செலவாகும்.

தேய்ந்த என்ஜினைத் தூக்கி எறிந்ததில்லை. சிலிண்டரைச் சற்றே பெரிதாகக் கடைந்து, அதற்கேற்ற பெரிய பிஸ்டன் போட்டு ஓட்டினர். இதை ரீபோர் என்பர். ஓர் என்ஜினுக்கு இரண்டு மூன்று பிறவிகள் கிடைத்தன.

பட்டறையும் உதிரிப்பாகமும்

இத்தகைய மறுபிறவிகளுக்குத் தமிழ்நாட்டின் பங்கு பெரிது. சென்னை செம்பியத்தில் இந்தியா பிஸ்டன்ஸ் 1949இல் தொடங்கியது. என்ஜின் வால்வுகளை ரானே குழும நிறுவனம் தயாரித்தது. பாடியில் 1960களின் தொடக்கத்தில் உருவான லூகாஸ்-டிவிஎஸ் டைனமோ, ஸ்டார்ட்டர், டிஸ்ட்ரிபியூட்டர் போன்ற மின்பாகங்களைச் செய்தது. கார் உத்தர்பாராவில் பிறந்தாலும் அதன் உயிர்ப்பாகங்கள் பல சென்னைப் புறநகரிலிருந்து கிடைத்தன. அசல் பாகம் வாங்க முடியாதவர்களுக்குப் புதுப்பேட்டை இருந்தது. கழித்த வண்டிகளைப் பிரித்துப் பாகம் பாகமாக விற்கும் அச்சந்தை, ஓடாத காரிலிருந்து ஓடும் காருக்கு உறுப்புதானம் செய்தது.

தொழில் கற்றவர்களில் பெரும்பாலோர் பள்ளிப்படிப்பை முடிக்காத சிறுவர்களாகப் பட்டறையில் நுழைந்தவர்கள். ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பதில் தொடங்கி, காதால் கேட்டே எந்த வால்வு தட்டுகிறது என்று சொல்லும் வரை உயர்ந்தவர்கள். அவர்கள் அறிவு எந்தப் புத்தகத்திலும் ஏறவில்லை. அம்பாசிடரின் நீண்ட ஆயுளுக்கு அதன் வடிவமைப்பாளர்களைப் போலவே இவர்களும் காரணம்.

மாருதியும் புதிய எதிர்பார்ப்பும்

1982இல் சுசுகியுடன் ஒப்பந்தம் செய்த அரசு நிறுவனமான மாருதி உத்யோக், 1983 டிசம்பர் 14 அன்று முதல் மாருதி 800 காரை ஒப்படைத்தது. மூன்று சிலிண்டர், 796 சி.சி. கொண்ட அது செடான் அன்று. ஆயினும் செடான் வாங்குவோரின் மனத்தை அது மாற்றியது. காலையில் ஒரே திருப்பில் ஸ்டார்ட் ஆகும் கார் என்பது ஆடம்பரம் அன்று, உரிமை என்று மக்கள் எண்ணத் தொடங்கினர்.

பழைய நிறுவனங்களும் அசைந்தன. 1985இல் பிரீமியர் 118என்இ நிசான் வடிவமைத்த என்ஜினோடு வந்தது. 1990களின் தொடக்கத்தில் அம்பாசிடருக்கு இசுசுவின் 1.8 லிட்டர் என்ஜின் கிடைத்தது. மாருதி 1990இல் 1000 என்ற செடானையும், 1994இல் 1.3 லிட்டர் எஸ்டீமையும் வெளியிட்டது. 1993இல் கார் உற்பத்திக்கு உரிமம் தேவையில்லை என்றானதும் வெளிநாட்டு நிறுவனங்கள் வரிசையாக வந்தன: 1995இல் டேவூ சியலோ, 1998இல் ஹோண்டா சிட்டி, அதே ஆண்டு திருவள்ளூரில் தயாரான மிட்சுபிஷி லான்சர், 1999இல் மறைமலை நகரிலிருந்து ஃபோர்டு ஐகான், இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஹூண்டாய் ஆக்சென்ட். மூன்று கார்களில் ஒன்றைத் தேர்ந்தவர்கள் முன் இப்போது ஒரு கடைவீதியே விரிந்தது.

கணினி நுழைந்தது

என்ஜினின் உள்ளே நடந்த மாற்றத்துக்கு நகரக் காற்றே காரணம். 1995இல் நான்கு பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்கு வினையூக்கி மாற்றி கட்டாயமாகி, ஈயமற்ற பெட்ரோலும் அறிமுகமானது. 1999 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தலைநகர்ப் பகுதியில் பதிவாகும் சொந்தப் பயன்பாட்டுக் கார்களுக்கு அவ்வாண்டு ஜூன் முதல் யூரோ 1, 2000 ஏப்ரல் முதல் யூரோ 2 அளவுகளை விதித்தது. 2000 பிப்ரவரி முதல் நாடெங்கும் ஈயமற்ற பெட்ரோல் மட்டுமே விற்பனைக்கு வந்தது. மக்களின் நுரையீரலுக்கு, குறிப்பாகக் குழந்தைகளின் மூளை வளர்ச்சிக்கு, இது பெரும் நன்மை. பழைய என்ஜின்களுக்கோ ஒரு சிக்கல்: ஈயம் அவற்றின் வால்வு இருக்கைகளுக்கு மெல்லிய காப்பாக இருந்தது. அது போனதும் கடினமான இருக்கை இல்லாத என்ஜின்களில் தேய்மானம் கூடியது.

கடுமையான அளவுகளைக் கார்புரேட்டரால் எட்ட முடியவில்லை. அதன் இடத்தை மின்னணு எரிபொருள் பீச்சு முறை பிடித்தது. பாயிண்ட் மறைந்தது; உணரிகளும் கட்டுப்பாட்டுக் கணினியும் வந்தன. 2010 ஏப்ரலிலும், விரிவான வடிவில் 2013 ஏப்ரலிலும், காரே தன் பழுதைக் கண்டறிந்து குறியீடாகப் பதியும் அமைப்பு கட்டாயமானது. டாஷ்போர்டில் எரியும் மஞ்சள் நிற என்ஜின் விளக்கு இதன் வெளி அடையாளம்.

இக்குறியீட்டைச் சரியாகப் படிக்க வேண்டும். பி0300 என்றால் சிலிண்டர்களில் எரியாமல் விடுகிறது என்று பொருள். பிளக்கா, காயிலா, அமுக்கக் குறைவா என்று அது சொல்லாது. பி0171 என்றால் கலவையில் காற்று அதிகம். குழாய் வெடிப்பா, பம்பின் சோர்வா, காற்றளவு உணரியில் அழுக்கா என்று சொல்லாது. குறியீடு நோயின் அறிகுறி, நோயின் பெயர் அன்று. அதைப் பார்த்ததும் உணரியை மாற்றிவிட்டுப் பணம் கேட்பவர் நல்ல மெக்கானிக் அல்லர். தீப்பொறி, எரிபொருள், அமுக்கம் என்ற பழைய மூன்று கேள்விகளையே அவர் புதிய கருவியால் கேட்க வேண்டும். ஒன்று மட்டும் மாறிவிட்டது: ஓடும் என்ஜினில் பிளக் ஒயரை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்க்கும் பழைய வழக்கம், இன்றைய உயர் மின்னழுத்த அமைப்புகளில் ஆளுக்கும் கணினிக்கும் ஆபத்தானது.

வரி சுருக்கிய செடான்

2006 மத்திய வரவுசெலவுத் திட்டம் நான்கு மீட்டருக்கு மிகாத நீளமும், பெட்ரோலில் 1200 சி.சி., டீசலில் 1500 சி.சி. வரையிலான என்ஜினும் உள்ள சிறு கார்களுக்கு உற்பத்தி வரியை 24 சதவீதத்திலிருந்து 16 சதவீதமாகக் குறைத்தது. செடானின் வாலை நறுக்கி இந்த வரம்புக்குள் அடக்கும் முயற்சி தொடங்கியது. டாடா இண்டிகோ சிஎஸ் 2008இல் வந்தது. நான்கு மீட்டரைத் தாண்டியிருந்த மாருதி டிசையர் 2012இல் 3,995 மி.மீ. நீளத்துக்குச் சுருங்கியது. குடும்பத்தின் டிக்கி அளவை வரி அட்டவணை தீர்மானித்த காலம் இது.

2014 மே மாதம் உத்தர்பாராவில் அம்பாசிடர் உற்பத்தி நின்றது. பத்மினி 2000ஆம் ஆண்டை ஒட்டியே நின்றிருந்தது. 2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 6 வந்தது. 2021இல் ஃபோர்டு இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது.

வைத்திருப்பதா, மாற்றுவதா?

சொந்தக் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். பின்னர் தகுதிச் சோதனைக்குப் பிறகு ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்கலாம் என்பது பொதுவிதி. எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பர் குழாய்களையும் சீல்களையும் பாதிக்கக்கூடும். ஆகவே பழைய கார் வைத்திருக்கும் குடும்பம் இன்று ஒரு கணக்குப் போட வேண்டியுள்ளது. வரலாறு அதற்கு மூன்று அளவுகோல்களைத் தருகிறது.

முதலாவது, பழுது எங்கே இருக்கிறது என்பது. பிளக், காயில், குழாய், பம்பு, உணரி ஆகியவை மாற்றத்தக்கவை. இவற்றுக்காக ஒரு காரைக் கழிக்க வேண்டியதில்லை. அமுக்கம் எல்லாச் சிலிண்டர்களிலும் குறைந்து, உடலும் துருப்பிடித்திருந்தால் யோசிக்க வேண்டும்.

இரண்டாவது, பாகம் கிடைக்குமா என்பது. அம்பாசிடரின் பாகங்களைப் பல சிறு நிறுவனங்கள் செய்ததால் அது தன் தொழிற்சாலையைத் தாண்டியும் ஓடுகிறது. நிறுவனம் நாட்டைவிட்டுப் போனபின் சில நல்ல கார்கள் ஒரு சிறு மின்னணுப் பாகத்துக்காக நின்றுவிடுகின்றன. புதிய கார் வாங்கும்போதும் விளம்பரத்தில் உள்ள வசதிகளுக்கு முன், அதே என்ஜின் வேறு எத்தனை கார்களில் ஓடுகிறது என்று கேட்பது நல்லது. பலவற்றில் ஓடும் என்ஜினுக்குப் பாகமும் கிடைக்கும், அதை அறிந்த கையும் கிடைக்கும்.

மூன்றாவது, சரிசெய்யும் ஆள். 1972இல் கெசல் வாங்க வந்தவர் கேட்ட கேள்வி இன்றும் செல்லுபடியாகும். அன்று அறிவு மெக்கானிக்கின் காதிலும் விரலிலும் இருந்தது. இன்று அதில் ஒரு பகுதி நிறுவனத்தின் மென்பொருளுக்குள் பூட்டப்பட்டுள்ளது. நகரங்களின் காற்றுக்கு இம்மாற்றம் தேவையாகத்தான் இருந்தது. எனினும் அந்தப் பூட்டின் சாவி உள்ளூர்ப் பட்டறைக்கும் கிடைத்தால்தான், பதினைந்து வயதுக் காரை நம்பியிருக்கும் ஒரு நடுத்தரக் குடும்பம் அதைத் தொடர்ந்து ஓட்ட முடியும்.